பாகவதர் வாழ்வு தரும் பாடம்

ஆலங்காயத்துக்கு அருகே, ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. வானத்து நட்சத்திரத்தை அறிய அத்தனை பெரிய கருவி வேண்டும். வெள்ளித்திரை நட்சத்திரத்தை அறியவோ, காசு எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கும் கண் போதும். அந்தக் கண்ணோடு எம். கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

1910-ல் மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வளர்ந்தது திருச்சியில். சிறு பையனாக நாடக மேடை ஏறி, பாடிப் பாடிப் பெயர் பெற்றார். 1934-ல் 'பவளக்கொடி' படத்தின் மூலம் சினிமாவுக்கு வந்தார். அன்று பின்னணிப் பாட்டு முறை இல்லை. நடிப்பவனே பாடியாக வேண்டும். ஆகவே பாகவதரின் குரல்தான் படமெடுத்தவர்களின் மூலதனம்.

குரல் அவருடையது, உழைப்பும் அவருடையது. ஆனால் புகழ் தானாகவா பரவியது? இசைத்தட்டு ஊர் ஊராகச் சென்றது. பாட்டுப் புத்தகம் கொட்டகை வாசலில் விற்றது. தண்டோராவும் சுவரொட்டியும் முழங்கின. ஆலங்காயம் போன்ற ஊர்களின் மக்களுக்கு டூரிங் கொட்டகைகள் அவர் முகத்தைக் காட்டின. 1937-ல் வந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடியது. இளைஞர்கள் 'பாகவதர் கிராப்பு' வைத்துக் கொண்டார்கள். பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் திலகம், வாயில் பக்திப் பாட்டு. இந்தக் கோலமே ஒரு சரக்காயிற்று.

புகழை விற்க ஒரு கூட்டம் இருந்தால், அவதூறை விற்க இன்னொரு கூட்டம் வராதா? வந்தது. லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்ற ஏடுகளில் நடிகர்களின் அந்தரங்கத்தை விலைக்கு வைத்தார். 1944 நவம்பரில் சென்னையில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கேதான் தோழர்கள் நின்று கவனிக்க வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மனிதன் சிறைக் கம்பிக்குப் பின்னால். அவன் நிழலோ திரையில் பாடிக்கொண்டு, கல்லாவை நிரப்பிக் கொண்டிருந்தது! நிழல் ஓடும்வரை, நிழலுக்குரியவன் எங்கே கிடந்தால் வியாபாரத்துக்கு என்ன?

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. மறு விசாரணையில், 1947 ஏப்ரலில், சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஆனால் சந்தை காத்திருக்கவில்லை. பின்னணிப் பாட்டு வேரூன்றிவிட்டது. முகத்தை ஓரிடத்திலும் குரலை வேறிடத்திலும் வாங்கலாம் என்றாயிற்று. 1949-ல் 'வேலைக்காரி'யும் 1952-ல் 'பராசக்தி'யும் வந்தபோது, மக்கள் பாட்டைவிட வசனத்துக்குக் கைதட்டினார்கள். பாகவதரின் 'ராஜமுக்தி', 'அமரகவி', 'புதுவாழ்வு' எதுவும் பழைய நாளைத் திருப்பித் தரவில்லை. நோயும் வாட்ட, 1959 நவம்பர் 1-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

பாகவதரை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் குரலை இன்றும் கேட்டு மகிழ்கிறோம். கலைஞனும் ஒரு தொழிலாளிதான். சந்தை அவனையும் சக்கையாக்கித்தான் எறிந்தது. நாம் கேட்பது வேறு.

அன்று பாட்டுப் புத்தகம் செய்த வேலையை இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் செய்கின்றன. முதல் நாள் காட்சிக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்கிறோம். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறோம். போகட்டும், அது ஆசை என்று விடலாம். ஆனால் அந்தக் கோலத்தை நம்பி வாக்குச்சீட்டையும் கொடுக்கலாமா? திரையில் ஏழைக்காக வாள் சுழற்றியவர், வாணியம்பாடித் தோல் தொழிலாளியின் கூலிப் போராட்டத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்க வேண்டாமா?

கலையை ரசிப்போம். கைதட்டுவோம். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், கணக்குக் கேட்போம்!