கையில் மணியோடு வந்த சவேரியார்

ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டால் எதிரே இருக்கும் ஆலயம்கூட நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆலய மணியோசை காப்பித் தோட்டங்களைத் தாண்டி நம் வீடுவரை வந்துவிடும். மூவேளைச் செபத்துக்கும், திருப்பலிக்கும், இறந்தவரின் இறுதி வழியனுப்புதலுக்கும் நம்மைக் கூப்பிடுவது அந்த மணிதான். மணியோசை கேட்டு மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மணியைக் கையில் எடுத்துக்கொண்டு மக்களைத் தேடிப்போன ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1506 ஏப்ரல் 7 அன்று நவார் நாட்டில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெரும் பதவிகளைக் கனவு கண்டவரை, இஞ்ஞாசியாரின் நட்பு மாற்றியது. 1542 மே 6 அன்று கோவா வந்து சேர்ந்தார். அங்கே தெருத்தெருவாகக் கைமணி அடித்து, சிறுவர்களை மறைக்கல்விக்குக் கூட்டிச் சென்றார்.

அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்த பரவர் குல மக்களுக்குச் செபம் கற்றுத்தர ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பிறகு மணியோடு ஊரைச் சுற்றிவந்து, நாளுக்கு இருமுறை மக்களைக் கூட்டிக் கற்பித்தார். தம்மால் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குச் சிறுவர்களைச் செபிக்க அனுப்பினார்.

அந்தத் தமிழில் பிழையும் இருந்தது. விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்திருந்தது. தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை. 1544-இல் உடன் உழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். மக்களைக் கூட்டினால் போதாது, அவர்கள் வாயில் வரும் சொல் சரியாக இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை!

1552 டிசம்பர் 3 அன்று, சீனாவுக்குள் நுழையக் காத்திருந்த நிலையில், சான்சியன் தீவில் தமது 46-ஆம் வயதில் உயிர்நீத்தார். 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அன்பர்களே, மணி கூப்பிட மட்டுமே செய்யும். நடக்க வேண்டியவர்கள் நாம். மணியோசை கேட்டும் ஆலயத்துக்கு வர முடியாமல் படுக்கையில் கிடக்கும் முதியவர் நம் தெருவிலும் இருக்கலாம். தோட்ட வேலையை விட்டு வர இயலாத தாயும் இருக்கலாம். அவர்களிடம் போவது யார்? அன்று சவேரியார் அனுப்பிய சிறுவர்கள் போனார்கள். அடுத்த முறை மணி ஒலிக்கும்போது, ஆலயத்துக்குப் போகும் வழியில் அந்த ஒரு வீட்டுப் படியையும் ஏறிவிட்டுப் போவோமா? சிந்திப்போம்.