தாவரங்களுக்குப் பேரேடு எழுதிய ஹென்றி டிரைமன்

கல்முனைக் கரையிலிருந்து கண்டிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் எவரும் பேராதனைப் பூந்தோட்டத்தைக் காணாது திரும்புவதில்லை. ஓங்கி நிற்கும் பனை வரிசையையும் படர்ந்து நிற்கும் பெருமரங்களையும் கண்டு நாம் வியக்கின்றோம். ஆயின், அத்தோட்டத்தில் அமர்ந்து, இவ்விலங்கைத் தீவின் செடி கொடிகள் அனைத்துக்கும் பேரேடு எழுதிய பெரியார் ஒருவரை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் ஹென்றி டிரைமன் என்பார். ஒரு நாடு தன் உயிர்ச்செல்வத்தைக் காக்க வேண்டுமாயின் முதற்கண் அதனைக் கணக்கெடுத்தல் வேண்டும். கணக்கும் ஒரு நாளோடு முடிவதன்று, தலைமுறை தலைமுறையாகத் தொடர்தல் வேண்டும். இவ்வுண்மையை அவர் வாழ்க்கை நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

டிரைமன் 1843ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். அதே ஆண்டிலேதான் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் என்னும் ஊரில் ஒரு கோதுமை வயலை ஆண்டுதோறும் அளந்து எழுதும் ஆராய்ச்சி தொடங்கிற்று. அவ்வாராய்ச்சி இன்றும் நிற்கவில்லை. ஆண்டுகள் பலவற்றின் அளவைகள் ஒருங்கு சேரும்போதே மண்ணின் மாற்றம் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு அவ்வயலே சான்று.

மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்ற டிரைமனின் உள்ளம் தாவர நூலையே நாடிற்று. 1869இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரப் பகுதியில் அமர்ந்தார். அதே ஆண்டில், நண்பர் ஒருவருடன் கூடி, தாம் வாழ்ந்த மிடில்செக்ஸ் பகுதியின் தாவரங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். எந்தச் செடி, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் கண்டது என்று பிழையறக் குறிக்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே கைவந்துவிட்டது.

1880இல் பேராதனைத் தோட்டத்தின் தலைவராக இலங்கைக்கு வந்தார். அப்பொழுது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள், 1869இல் தோன்றிய இலைநோயினால் அழிந்துகொண்டிருந்தன. கோப்பிக்கு மாற்றாக எதனை நடலாம் என்று தோட்ட முதலாளிமார் அவரைக் கேட்டனர். ஹெனரத்கொடைத் தோட்டத்திலிருந்த றப்பர் மரமொன்றில் 1888 முதல் ஈராண்டுக்கொரு முறை பாலெடுத்து, எடையைக் குறித்து வைக்கச் செய்தார். பின்னர் இந்நாட்டில் பெருகிய றப்பர்த் தொழிலுக்கு அது முன்னோடியாயிற்று. அநுராதபுரத்திலும் பதுளையிலும் கிளைத் தோட்டங்களை நிறுவினார். அன்னிய ஆட்சியின் உத்தியோகத்தராகவே அவர் வந்தார் என்பதும், அவ்வாட்சி வளர்த்த தோட்டப் பயிர்களுக்காகவே மலைக் காடுகள் பல அழிந்தன என்பதும் மறைக்கற்பாலன அல்ல. அழியும் காட்டின் அருகிலிருந்தே அதன் வரலாற்றையும் அவர் எழுதினார்.

அவருக்கு முன்னும் இப்பணியில் உழைத்தோர் உளர். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பனி மருத்துவராய் வந்த போல் ஹேர்மன் இலங்கைச் செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அவற்றைக் கொண்டே லின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் 1747இல் இலங்கைத் தாவர நூலை இயற்றினார். டிரைமனுக்கு முன் பேராதனையில் முப்பது ஆண்டு தலைவராயிருந்த துவைற்ஸ், தாம் சேர்த்த செடிகளுக்கு எண்ணிட்டு ஒழுங்குபடுத்தினார். முன்னோர் உழைப்பை டிரைமன் ஒதுக்கவில்லை. ஹேர்மனின் பழைய உலர்செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1887இல் கட்டுரை வெளியிட்டார். துவைற்சின் எண்களையும் தம் நூலில் அவ்வாறே எடுத்தாண்டார்.

அவருடைய பெருநூலின் முதற்பாகம் 1893இலும், இரண்டாவது 1894இலும், மூன்றாவது 1895இலும் வெளிவந்தன. செடியின் உருவம், பூக்கும் மாதம், வளரும் நிலம், எளிதிற் காணக்கூடியதா அரியதா என்னும் விவரம், கண்டெடுத்த ஊர் என்பன யாவும் அதில் உள. சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருத்தல் நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். பாலை, முதிரை, கருங்காலி என நம் மூத்தோர் வழங்கிய பெயர்கள் அவ்வாங்கில நூலில் இடம்பெற்றுள்ளன. அந்நாளில் நம் கரை மட்டக்களப்புப் பகுதியோடு சேர்ந்திருந்தது. 1961இலேயே அம்பாறை தனி மாவட்டமாயிற்று. எனவே நம் பகுதிச் செடிகளை அந்நூலில் தேடுவோர் மட்டக்களப்பு என்னும் பெயரின் கீழேயே தேடுதல் வேண்டும்.

இப்பணி முற்றுப்பெறுமுன் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. செவி கேளாதாயிற்று; கால்கள் வலுவிழந்தன. எழுதுகோலை மட்டும் அவர் கீழே வைத்தாரில்லை. 1896 ஒக்டோபரில், ஐம்பத்து மூன்று வயது நிறையுமுன், இம்மண்ணிலேயே உயிர் நீத்தார். எஞ்சிய பாகங்களை ஜோசப் ஹூக்கர் என்னும் முதுபெரும் அறிஞர் 1898இலும் 1900இலும் முடித்துக் கொடுத்தார். இறுதிப் பாகம் வந்தபோது ஹூக்கருக்கு எண்பது வயது கடந்திருந்தது. 1931இல் அல்ஸ்ரன் இணைப்பு நூல் எழுதினார். 1980 முதல் அந்நூல் பல பாகங்களாகத் திருத்தி வெளியிடப்பட்டது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கினர்.

அப்பேரேட்டின் பயன் இன்றும் தெரிகின்றது. துவைற்ஸ் பெயரிட்ட குருடியா செயிலானிக்கா என்னும் மரம் 2012ஆம் ஆண்டின் தேசியச் செம்பட்டியலில் அழிந்துபோனதாகக் குறிக்கப்பட்டது. 2019இல் கம்பகாப் பகுதியில் அம்மரம் ஒன்று உயிரோடு நிற்கக் கண்டனர். 2021இல் வீதி வேலைக்காக அதனை வெட்ட முனைந்தபோது பலரும் குரல் கொடுக்க, மரம் தப்பியது. பழைய ஏட்டில் பெயர் இல்லையாயின், அது அரிய மரமென்று அறிந்து தடுத்திருப்பார் யார்? சிங்கராஜ வனத்திலும் 1993 முதல் 25 எக்டேர் நிலத்தில் மரம் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுத் திரும்பத் திரும்ப அளந்து வருகின்றனர்.

நம் பகுதியை நோக்குவோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் காடு நீர்த்தேக்கமும் வயலுமாயிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கரையோரத் தாழையும் கண்டலும் முன்னர் எங்கெங்கு நின்றன என்பதை இன்று முதியோர் நினைவிலேயே தேட வேண்டியுள்ளது. அம்முதியோர் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வழங்கும் பெயர்கள் ஒரே தமிழ்ப் பெயர்களே. அவர்களோடு அப்பெயர்களும் மறைந்துவிடலாகாது.

இளைஞர்காள்! ஊருக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். குளக்கரையிலும் களப்போரத்திலும் கடலோரத்திலும் நிற்கும் மரஞ்செடிகளைப் பெரியோரிடம் கேட்டு, பெயரும் இடமும் நாளும் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் சென்று பாருங்கள். பெரியோர்களே, கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சலிப்பின்றிச் சொல்லுங்கள். பிற நாட்டிலிருந்து வந்த ஒருவர், செவியும் காலும் தளர்ந்த நிலையிலும் செய்த பணியை, இம்மண்ணிற் பிறந்த நாம் தொடராது விடுதல் தகுமா?