சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்த டாக்டர்

நம்ம திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறினா சுமார் ரெண்டு மணி நேரத்துல வேலூர். 1989 வரைக்கும் ரெண்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். அதனால டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர் என்றாலும், அவரை நம்ம மாவட்டத்து டாக்டர்னு சொல்லிக்கலாம், தப்பில்லை.

1925-ல் பிறந்த மேரி, 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படிக்க வந்தார். படிப்பை முடித்துவிட்டு மகளிர் மருத்துவத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 1954 ஜனவரி 30 அன்று, கூட வேலை பார்த்தவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டும் அடிபட்டதால இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. அப்போ வயசு 28. அறுவை சிகிச்சை டாக்டருக்கு நிற்க முடியாதுன்னா வேலையே முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க.

டாக்டர் பால் பிராண்ட் அப்படி நினைக்கலை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அதே சி.எம்.சி.யில் சரிசெய்துகொண்டிருந்தவர் அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துதானே செய்வாங்க, மேரியும் செய்யலாமேன்னு யோசனை சொன்னார். முதுகை நிமிர்த்தி உட்காரவே மேரிக்குத் தனியா ஆபரேஷன் தேவைப்பட்டது. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியிலேயே ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்.

அந்த ஆபரேஷன் நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்குச் சட்டுனு புரியும். நல்லா வேலை செய்யுற ஒரு தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டுவாங்க. வயரிங்கை மாத்துற மாதிரி. ஆனா பாதி வேலை அதுக்கப்புறம்தான். வேற வேலை செய்து பழகிய தசைக்குப் புது வேலையை மூளை கத்துக்கணும். அதுக்கு ஒரே வழி, அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யுறது.

நம்மில் சிலர் பைனல் இயர் புராஜெக்டா எடுக்கிற வி.ஆர். சிகிச்சைக்கும் அடிப்படை இதேதான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 21-வது குரோமோசோம் ஒண்ணு கூடுதலா இருக்கும். தசை தளர்வா, மூட்டு நெகிழ்வா இருக்கிறதால நடக்க, பந்து பிடிக்க, பென்சில் பிடிக்கத் தாமதமாகும். பந்தை நூறு தடவை பிடின்னா எந்தக் குழந்தைக்கும் சலிக்கும். விளையாட்டாக்கினா தானே செய்யும். 2011-லேயே தைவானில் வீ கேமை வெச்சு இப்படி முயற்சி செய்து, முன்னேற்றம் இருந்ததா எழுதியிருக்காங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. இந்தக் குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் உறுதியா இருக்காது. கனமான ஹெட்செட்டை மாட்டுறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டே ஆகணும். டிவி திரையும் கேமராவுமே போதும்னா இன்னும் நல்லது.

சரி, மேரிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தபோது, தன்னை மாதிரி இருக்கிறவங்களுக்கு இந்தியாவில் இப்படி ஓர் இடம் இல்லையேன்னு அவருக்கு உறைத்தது. கை ஆபரேஷனில் பேர் வாங்கியாச்சு, அதோட இருந்திருக்கலாம். ஆனா நியூயார்க் போய், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தை மறுபடி மாணவியா உட்கார்ந்து படித்தார். 1963-ல் திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு மையம் திறந்தது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுறது, படுக்கைப்புண் வராம பாத்துக்கிறது, ஊருக்குப் போய் ஒரு தொழில் செய்யுறது, எல்லாமே அங்கே பாடம். சொல்லிக்கொடுக்கிற டாக்டரே சக்கர நாற்காலியில் வர்றப்போ, முடியாதுன்னு எந்த நோயாளி சொல்வார்?

1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986 டிசம்பரில் காலமானார். பாகாயத்தில் அந்த மையம் இன்னும் நடக்குது, அவர் பெயரிலேயே.