கைதிகள் நாட்டில் குடித்தனம் நடத்திய அம்மையார்

வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நூல் வந்து இறங்க வேண்டும். சரக்கு போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை வந்தால் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். இடுப்பில் குழந்தையும் கையில் கணக்கு நோட்டுமாக நிற்கும் பெண்களை வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் பத்து நாளில் வந்துவிடுவார். அவர் திரும்பி வர 8 ஆண்டுகளுக்கு மேல் ஆனால்? அதுவும், சுற்றிலும் கைதிகள் வாழும் ஊரில்?

அப்படி ஒரு சோதனையைத் தாங்கியவர்தான் எலிசபெத் மெக்கார்தர் அம்மையார்.

கடலில் பிறந்த குழந்தை

நம் நாட்டுக்கு அந்தமான் எப்படியோ, அப்படித்தான் அன்று இங்கிலாந்துக்கு ஆஸ்திரேலியா. தண்டனை பெற்றவர்களைக் கப்பலில் ஏற்றி அங்கே அனுப்பினார்கள். முதல் கப்பல்கள் 1788-ல் போய்ச் சேர்ந்தன.

எலிசபெத் எந்தக் குற்றமும் செய்தவர் அல்ல. 1766-ல் இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவில், பிரிட்ஜ்ரூல் என்ற கிராமத்தில் பிறந்த விவசாயி மகள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊர்ப் பாதிரியார் வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்து நல்ல கல்வி பெற்றார். 1788-ல் ஜான் மெக்கார்தர் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். கைதிகளைக் காவல் காக்கும் படையில் கணவருக்கு வேலை கிடைத்தது. கைக்குழந்தை எட்வர்டுடன் அம்மையாரும் கப்பலேறினார்.

அந்தப் பயணத்தை நினைத்தாலே உடல் நடுங்கும்! ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் சங்கிலியிலும் பட்டினியிலும் கிடந்தார்கள். கரை சேருமுன்பே நால்வரில் ஒருவர் மாண்டார். கணவர் கப்பல் தலைவனுடன் சண்டை போட்டதால் நடுக்கடலில் வேறு கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று. கணவருக்குக் கடும் நோய் கண்டது. அந்த நிலையில், குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிறிது நேரத்திலேயே இறந்தும் போயிற்று.

1790 ஜூன் 28-ந் தேதி சிட்னியில் இறங்கியபோது அம்மையாருக்கு வயது 23.

கல்கத்தா ஆடுகள்

சிட்னியில் அப்போது பஞ்சம். பேச்சுத் துணைக்கு ஒத்த பெண்கள் இல்லை. அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. செடி கொடிகளின் சாஸ்திரம் படித்தார். ஒரு கப்பல் டாக்டரிடம் பியானோ கற்றார். அந்த டாக்டர் ஊர் திரும்பும்போது பியானோவை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

1793-ல் பாரமட்டாவில் கணவருக்கு 100 ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்கே ஒரு வீடு கட்டி, அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார் ஜான். எலிசபெத் பண்ணை என்ற அந்த வீடு இன்றும் இருக்கிறது.

1794-ல் கல்கத்தாவிலிருந்து 60 வங்காளச் செம்மறிகள் வந்தன. நம் கொங்கு நாட்டு மேச்சேரி ஆட்டைப்போல அவற்றின் உடலில் இருந்தது மயிர்தான், கம்பளி அல்ல. அவற்றை அயர்லாந்து ஆட்டோடு கலந்தார்கள். குட்டிகளின் உடலில் மயிரும் கம்பளியும் கலந்து வளர்ந்தன. பிறகு மெரினோ என்ற ஸ்பெயின் ஜாதி ஆடு வந்தது. பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்க்க, கம்பளி மென்மையாகிக்கொண்டே போயிற்று.

நள்ளிரவில் படகு

ஜான் கெட்டிக்காரர், ஆனால் மகா கோபக்காரர். 1801-ல் தம் மேலதிகாரியையே துப்பாக்கிச் சண்டைக்கு இழுத்துச் சுட்டுக் காயப்படுத்தினார். கவர்னர் அவரை விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். மூத்த மகனைப் படிப்புக்காக முன்பே அனுப்பியாயிற்று. இப்போது மகள் எலிசபெத்தும் 7 வயது மகன் ஜானும் தகப்பனாரோடு போனார்கள்.

அந்தச் சிறுவன் ஜானைத் தாய் பார்த்தது அதுவே கடைசி. அவன் லண்டனில் வக்கீலாகி, 1831-ல் அங்கேயே காலமானான்.

1804 மார்ச்சில் கைதிகள் கலகம் செய்தார்கள். எலிசபெத் பண்ணைக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வீட்டில் ஆண் துணை இல்லை. சிறு குழந்தைகளோடு இரவோடு இரவாகப் படகேறி சிட்னிக்குத் தப்பினார் அம்மையார். கலகம் அடங்கியதும் திரும்பி வந்து மறுபடியும் ஆடுகளைக் கவனித்தார்.

1805-ல் கணவர் திரும்பினார். இங்கிலாந்து மன்னரின் மந்தையில் வாங்கிய மெரினோ ஆடுகள் சிலவும், 5,000 ஏக்கர் நிலத்துக்கான உத்தரவும் கொண்டுவந்தார்.

மீண்டும் தனிமை

அமைதி நீடிக்கவில்லை. 1808 ஜனவரி 26-ந் தேதி படையினர் கவர்னர் பிளையைச் சிறை பிடித்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் ஜான். மறு ஆண்டு அவர் மகன்கள் ஜேம்ஸ், வில்லியம் இருவரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். சிட்னியில் கால் வைத்தால் வழக்கு என்ற நிலை, திரும்ப முடியவில்லை.

நிலம், மந்தை, கணக்கு, வேலைக்கு விடப்பட்ட கைதிகள் எல்லாம் அம்மையார் பொறுப்பு. ஒரு கடிதம் போய்ச் சேரவே பல மாதம். அவசரத்துக்கு யாரைக் கேட்பது? எந்தக் கிடாயை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதைத் தாமே முடிவு செய்தார். விவசாயத்தை விருத்தி செய்ததற்காக கவர்னர் மக்வாரி 600 ஏக்கர் நிலம் வழங்கினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மண் ஆதிகுடிகளின் மண். மந்தைகள் பரவப் பரவ அவர்கள் விரட்டப்பட்டார்கள். 1816-ல் ஆப்பின் என்ற இடத்தில் குறைந்தது 14 பேரைப் படையினர் கொன்றார்கள். இந்தச் செல்வத்தின் அடியில் அந்த ரத்தமும் இருக்கிறது.

1817-ல் ஜான் திரும்பினார். கைக்குழந்தையாக அவர் விட்டுப்போன கடைசிப் பெண் எம்மலினுக்கு அப்போது 9 வயது!

மெடல் யாருக்கு?

1822-ல் லண்டன் கலைச் சங்கம் இரண்டு தங்க மெடல்கள் கொடுத்தது. 15,000 ராத்தல் உயர்ந்த கம்பளி அனுப்பியதற்கு ஒன்று. தரத்தில் ஜெர்மனியின் சாக்சனிக் கம்பளிக்கு ஈடாக இருந்ததற்கு மற்றொன்று. இரண்டும் ஜானுக்கே! 1966-ல் ஆஸ்திரேலியா வெளியிட்ட 2 டாலர் நோட்டிலும் மெரினோ கிடாயோடு அவர் படமே இருந்தது. இரு தடவையும் சேர்த்து சுமார் 12 ஆண்டுகள் அவர் அந்த நாட்டிலேயே இல்லை. மந்தையைக் காத்தவர் யார்?

அம்மையாருக்குக் கிடைத்த பரிசு வேறு. முதுமையில் ஜானின் புத்தி பேதலித்தது. ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற மனைவியின் கற்பையே சந்தேகித்தார். தம் பெயர் கொண்ட வீட்டை விட்டே அம்மையார் விலகி நிற்க நேர்ந்தது. 1834-ல் ஜான் காலமானார். பிறகுதான் அம்மையார் அந்த வீட்டில் நிம்மதியாக வாழ்ந்தார். பிறந்த நாட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், 1850-ல் தமது 83-வது வயதில் கண்மூடினார்.

வேலம்பாளையத்தில் இந்தச் சனிக்கிழமையும் எத்தனையோ பெண்கள் கணக்கு நோட்டைப் புரட்டுவார்கள். கம்பெனிப் பலகையில் யார் பெயர் இருந்தாலும், உழைத்த கை யாருடையது என்பது அந்தக் கணக்கு நோட்டுக்குத் தெரியும்.