பறவையினம் தேர்ந்த ஜான் கூல்டு

ஒரு பொருளைக் காண்டல் எவர்க்கும் எளிது. கண்டவற்றுள் இஃது இனம், இஃது அயல் எனப் பகுத்துணர்தல் சிலர்க்கே இயல்வது. அவ்வாற்றலாற் புகழெய்திய ஜான் கூல்டு என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1804-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தோட்டக்காரர், பின்னர் வின்ட்சர் அரச தோட்டத்தில் மேற்பார்வையாளராய் அமர்ந்தார். மைந்தரும் ஆங்கே தோட்டத்தொழில் பயின்றார். பல்கலைக்கழகக் கல்வி பெறும் பேறு இவர்க்கு வாய்த்திலது. ஆயினும், இறந்த பறவைகளின் தோலைப் பதஞ்செய்து பஞ்சடைத்து, உயிருள்ளவை போல நிறுத்துங் கலையில் தேர்ந்து, 1824-இல் இலண்டன் மாநகரில் அதனையே தொழிலாகக் கொண்டார். 1827-இல் இலண்டன் விலங்கியற் கழகத்துக் காட்சிச்சாலையின் முதற் காப்பாளரானார். நாடோறும் பறவைகளின் அலகையும் காலையும் இறகையும் கையாலெடுத்து நோக்கிய பழக்கமே இவர்க்குக் கல்வியாயிற்று.

1829-இல் எலிசபெத் காக்ஸன் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் ஓவியத்தில் வல்லவர். கணவர் வரைந்த கரட்டு வடிவங்களைக் கல்லச்சுக்கேற்ற அழகிய ஓவியங்களாக ஆக்கியவர் அவரே. இமயமலைப் பறவைகள் நூறினைப் பற்றிய இவர்தம் முதல் நூல் அம்மையாரின் ஓவியங்களாலேயே சிறப்புற்றது.

1837-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஓர் அரிய பணி கூல்டை நாடி வந்தது. பீகிள் கப்பலில் உலகஞ் சுற்றி மீண்ட சார்லஸ் டார்வின், தாம் தொகுத்த பறவைகளை விலங்கியற் கழகத்துக்கு அளித்தார். அவற்றுட் சில, 1835-இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள காலாபாகோஸ் தீவுகளிற் பிடிக்கப்பட்டவை. தடித்த கூம்பலகினால் விதைகளை உடைத்துண்ணும் சிறு பறவைகளை ஆங்கிலேயர் பிஞ்ச் என்பர். அத்தீவுப் பறவைகளுட் சிலவற்றையே டார்வின் பிஞ்ச் குருவிகள் எனக் கருதினார். நீண்ட அலகுடையவற்றையும் மெல்லிய அலகுடையவற்றையும் வேறு வேறு குடும்பத்தனவாக எண்ணினார். அலகு கொண்டு இனங்காண்பது வழக்கமாதலின், இப்பிழை இயல்பானதே.

கூல்டு அலகோடு நின்றாரல்லர். உடலமைப்பையும், குறுகிய வாலையும், இறகின் நிறத்தையும் ஒருங்கு நோக்கினார். ஏனையவெல்லாம் ஒத்திருக்க, அலகே பலவாறு வேறுபட்டமை கண்டார். ஜனவரி 10-ஆம் நாள் கூடிய கழகக் கூட்டத்தில், இவை ஒன்றோடொன்று உறவுடைய பன்னிரண்டு இனங்கள் என்றும், அதுகாறும் அறியப்படாத ஒரு தனிக் கூட்டம் என்றும் அறிவித்தார். மெல்லலகுடைய குருவியொன்றும் அக்கூட்டத்ததே என்பதைப் பின்னர்க் கண்டார்.

இம்முடிபு டார்வினைப் பெரிதுஞ் சிந்திக்கச் செய்தது. எக்குருவி எத்தீவினது என்று அவர் குறித்து வைத்திலர். ஆதலின் கப்பற்றலைவர் முதலியோர் தொகுத்தவற்றைக் கேட்டுப்பெற்று, அக்குறையை ஒருவாறு நிரப்ப வேண்டியதாயிற்று. உயிரினங்கள் மாறுவன என்னுங் கொள்கையைப் பற்றிய முதற் குறிப்பேட்டை அவ்வாண்டு ஜூலையில் அவர் எழுதத் தொடங்கினார். தொகுத்தவர் ஒருவர்; இனங்கண்டவர் மற்றொருவர். பிற்காலத்தார் அக்குருவிகளுக்கு டார்வின் பெயரையே வழங்கினர்.

1838-இல் கூல்டும் மனைவியாரும், இளம் மக்கள் மூவரை இங்கிலாந்திலேயே விட்டு, மூத்த மகனை மட்டும் உடன்கொண்டு ஆஸ்திரேலியா சென்றனர். 1840-இல் மீண்டனர். அடுத்த ஆண்டே, மகப்பேற்றை அடுத்து எலிசபெத் அம்மையார் தம் 37-ஆம் வயதில் உயிர் துறந்தார். துயருற்ற கூல்டு பணியை விட்டாரல்லர். ஆஸ்திரேலியப் பறவைகளைப் பற்றிய ஏழு பெருந் தொகுதிகளை 1848-இல் நிறைவேற்றினார். 1844-இல், பச்சை முதுகும் ஊதா மார்பும் மஞ்சள் வயிறுமுடைய ஓர் எழிற் குருவிக்குத் தம் மனைவியார் நினைவாகப் பெயரிட்டார். அதுவே கூல்டியன் பிஞ்ச். நம் நாட்டு வயல்களில் திரியும் சில்லைகளும் அக்குருவியின் குடும்பத்தனவே. அதில் கருந்தலையும் செந்தலையும் உடையவை வெவ்வேறினம் என முன்னாளில் மயங்கினர். நிறம் வேறாயினும் இனம் ஒன்றே என்பது பின்னரே தெளிவாயிற்று.

கூல்டு 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இலண்டனிற் காலமானார். காலாபாகோஸ் குருவிகள் உண்மைப் பிஞ்ச் குடும்பத்தைச் சாராமல், அமெரிக்கக் கண்டங்களுக்குரிய டானஜர் குடும்பத்தைச் சார்ந்தவை என இக்கால அறிஞர் பகுத்துள்ளனர். குடும்பப் பெயர் மாறிற்று. அவை ஒரே கிளையின என்ற கூல்டின் தீர்ப்போ மாறிற்றிலது.

மாணவ நண்பர்களே, தோட்டக்காரர் மைந்தர் ஒருவர் கற்றோர் அவையில் துணிந்துரைத்தமைக்குக் காரணம், கையிலிருந்த பொருளைப் பொறுமையோடு முழுதும் நோக்கியமையே. ஓரடையாளம் கண்டவுடன் முடிவு கூறாது, எஞ்சியவற்றையும் நோக்கும் பழக்கத்தை நாமும் கைக்கொள்வோமாக. அவர்தம் புகழிற் பாதி, ஓவியந் தீட்டிய எலிசபெத் அம்மையாருக்கு உரியது என்பதையும் மறவாதிருப்போமாக.