உலக ஒயினையெல்லாம் ருசித்தவர்... சொந்தத் தோட்டம் மட்டும் கைகொடுக்கல! ஜெஃபர்சனின் இன்னொரு கதை

1985 டிசம்பர். லண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஒரே ஒரு ஒயின் பாட்டில் ஏலத்துக்கு வந்தது. கண்ணாடியில் 1787 என்ற ஆண்டு, லஃபீட் என்ற பெயர், கூடவே ஒருவரின் பெயரின் முதல் எழுத்துகள். விலை எவ்வளவு தெரியுமா? 1,05,000 பவுண்டுகள்! ஒரு பாட்டில் ஒயினுக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது.

இவ்வளவு விலைக்குக் காரணம் அந்த முதல் எழுத்துகள்தான். அவை அமெரிக்காவின் 3ஆவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனைக் குறிப்பதாகச் சொல்லப்பட்டது.

ஆனால், ஜெஃபர்சன் வாழ்ந்த மாண்டிசெல்லோ மாளிகையின் ஆய்வாளர்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. அவரது கணக்குக் குறிப்புகளில் அந்த பாட்டில்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதே தொகுப்பில் வேறு பாட்டில்களை வாங்கியிருந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவர், சுமார் 20 ஆண்டுகள் கழித்து விசாரணையில் இறங்கினார். எழுத்துகள் மின்கருவியால் செதுக்கப்பட்டவை என்று நிபுணர்கள் சொல்ல, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

ஒரு கணக்குப் புத்தகத்தில் இல்லை என்பதற்காக இவ்வளவு சந்தேகமா? ஆமாம். ஏன்னா, ஜெஃபர்சன் அப்படிப்பட்ட ஆள். வாங்கிய ஒவ்வொரு பாட்டிலையும், செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதி வைத்த மனுஷன் அவர்.

யார் இந்த ஜெஃபர்சன்?

1743ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி வர்ஜீனியாவில் பிறந்தவர். 1776இல் வெளியான அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். 1801 முதல் 1809 வரை அதிபர். கட்டடக்கலை, விவசாயம், மொழிகள், புத்தகங்கள் என்று அவர் கைவைக்காத துறையே இல்லை. அதில் ஒன்று ஒயின்.

அவர் வளர்ந்த காலத்தில் வர்ஜீனியா, பிரிட்டனின் காலனி. பணக்காரர்கள் வீட்டு மேசையில் பெரும்பாலும் மடேராவும் போர்ட் ஒயினும்தான் இருக்கும். இரண்டுமே போர்ச்சுகல் சரக்கு. பிராந்தி போன்ற சாராயம் கலந்து போதையை ஏற்றிய, கப்பல் பயணத்தைத் தாங்கும் கெட்டியான ஒயின்கள். இதைத் தாண்டியும் ஒயினில் ஓர் உலகம் இருக்கிறது என்பதை அவர் முழுசாகப் பார்த்தது பிரான்ஸ் போன பிறகுதான்.

அதற்கு முன்பே, அமெரிக்க மண்ணிலேயே நல்ல ஒயின் தயாரிக்கணும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. 1773இல் பிலிப் மாட்ஸேய் என்ற இத்தாலியர் வர்ஜீனியாவுக்கு வந்தார். தன் மலைக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் கொடுத்தார் ஜெஃபர்சன். ஜார்ஜ் வாஷிங்டனும் பங்கு போட ஒரு நிறுவனமே தொடங்கியது. ஆனால் 1774 மே மாதம் கடும் உறைபனி வந்து கொடிகளைத் தாக்கியது. பிறகு சுதந்திரப் போர். 1779இல் மாட்ஸேய் ஐரோப்பா கிளம்ப, அவருடைய வீட்டில் போர்க்கைதியான ஒரு ஜெர்மன் தளபதி குடியேறினார். மிச்சமிருந்த கொடிகளை அவருடைய குதிரைகள் மிதித்தே நாசமாக்கின.

கை உடைந்ததால் கிடைத்த பயணம்

1782இல் மனைவி மார்த்தாவை இழந்த ஜெஃபர்சன், 1784இல் பாரிஸ் போனார். அடுத்த ஆண்டே பிரான்சுக்கான அமெரிக்கத் தூதர் ஆனார். 1786 செப்டம்பரில் அவரது வலது மணிக்கட்டு உடைந்தது. தெற்கே இருக்கும் கனிம ஊற்றில் குளித்தால் சரியாகும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1787 பிப்ரவரி 28ஆம் தேதி கிளம்பியவர், பாரிஸ் திரும்பியது ஜூன் 10ஆம் தேதி. கை சரியாகவில்லை. ஆனால் பர்கண்டி, ரோன் பள்ளத்தாக்கு, புரோவென்ஸ், வட இத்தாலி, லாங்டாக், போர்டோ என்று திராட்சை விளையும் ஊர்களை எல்லாம் சுற்றிவந்துவிட்டார்.

வெறுமனே குடித்துவிட்டு வந்த பயணம் இல்லை இது. மண் எப்படி, கொடிக்குக் கொடி எவ்வளவு இடைவெளி, கூலி என்ன, பீப்பாய் என்ன விலை, எத்தனை வருஷம் தாங்கும் என எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார்.

பர்கண்டியில் அவர் கவனித்த ஒரு விஷயம் இன்றும் பேசப்படுகிறது. பொமார், வோல்னே கிராமங்களில் விவசாயிகள் நல்ல கோதுமை ரொட்டி சாப்பிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் மெர்சோ கிராமத்தில் கம்பு போன்ற மட்டமான தானியமாகக் கருதப்பட்ட ரை ரொட்டி. ஏன் இந்த வித்தியாசம் என்று விசாரித்தார். முதல் இரண்டு ஊர்களில் சிவப்பு ஒயின், அது ஓடிவிடும். மெர்சோவில் கல் அதிகம் என்பதால் வெள்ளை ஒயின் மட்டும்தான். அது அடிக்கடி சரியாக அமையாமல் விற்காமல் தேங்கும். மண்ணில் கொஞ்சம் கல் கூடினால், சாப்பிடும் ரொட்டியின் நிறமே மாறிவிடுகிறது! இவ்வளவு சின்னக் காரணத்தில் மனிதரின் நிலை தீர்மானமாகிறதே என்று வியந்து எழுதினார் ஜெஃபர்சன்.

ஒரு கிளாஸில் மூன்று ஊர் ருசி

இத்தாலியின் டுரின் நகரில் நெபியோலோ என்ற திராட்சையில் செய்த ஒயினைக் குடித்தார். அதற்கு அவர் எழுதிய விளக்கம் இன்றைக்கும் ஒயின் எழுத்தாளர்களுக்குப் பிடித்த ஒன்று. மடேரா மாதிரி இனிப்பு, போர்டோ மாதிரி துவர்ப்பு, ஷாம்பெயின் மாதிரி நுரைப்பு. மூன்றும் ஒரே கிளாஸில்! இன்று அதே நெபியோலோவில் செய்யும் பரோலோ ஒயினில் இனிப்பும் இல்லை, நுரையும் இல்லை. துவர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்த ஒயின் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதற்கு இந்த மாதிரிக் குறிப்புகள்தான் உதவுகின்றன.

மே மாதக் கடைசியில் போர்டோ. அங்கே முதல் தரம் என்று அவர் குறித்துக்கொண்டது 4 தோட்டங்களை: மார்கோ, லத்தூர், ஓ பிரியான், லஃபீட். 68 ஆண்டுகள் கழித்து, 1855 பாரிஸ் கண்காட்சிக்காக போர்டோ ஒயின்களை அதிகாரப்பூர்வமாகத் தரம் பிரித்தார்கள். சிவப்பு ஒயின்களில் முதல் வரிசையில் இடம்பிடித்தவை எவை? அதே 4 தோட்டங்கள்! ஐந்தாவதாக மூத்தோன் சேர்ந்ததுகூட 1973இல்தான்.

1788 வசந்த காலத்தில் ரைன் நதிக்கரைப் பக்கம் போனார். இன்று ரீஸ்லிங் திராட்சைக்குப் பெயர்போன பகுதி அது. ரூடெஸ்ஹைம், ஹோக்ஹைம் ஊர்களிலிருந்து கொடிக் குச்சிகளை வாங்கிவந்து பாரிஸ் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். திரும்பும் வழியில் ஷாம்பெயின் பகுதி. நுரை பொங்கும் ஷாம்பெயின் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போகிறது, விஷயம் தெரிந்த பிரெஞ்சுக்காரர்கள் நுரையில்லாததைத்தான் விரும்புகிறார்கள் என்று அங்கே எழுதி வைத்தார்.

இடைத்தரகர் வேண்டாம்!

அந்தக் காலத்தில் ஒயின் வியாபாரிகள் ஒன்றோடு ஒன்றைக் கலந்து விற்பது சகஜம். அதனால் ஜெஃபர்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டக்காரருக்கே நேராகக் கடிதம் எழுதுவது, அங்கேயே பாட்டிலில் அடைத்து அனுப்பச் சொல்வது. 1787 இறுதியில் திகெம் தோட்டத்திலிருந்து 1784ஆம் ஆண்டு இனிப்பு வெள்ளை ஒயினை 250 பாட்டில் கேட்டு எழுதினார். அமெரிக்கா திரும்பி வெளியுறவுச் செயலரான பிறகு, 1790இல் அதிபர் வாஷிங்டனுக்கும் சேர்த்தே போர்டோவில் ஆர்டர் போட்டார். யாருடைய சரக்கு எது என்று தெரிய இருவரின் முதல் எழுத்துகளையும் குறிக்கச் சொன்னார். 1985 ஏலத்தில் எழுத்து பொறித்த பாட்டிலைப் பலர் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிபரான பிறகு விருந்துகளுக்கு அரசுப் பணம் கிடையாது, சம்பளத்தில்தான் பார்த்துக்கணும். ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பளம். 8 ஆண்டுகளில் ஒயினுக்கு மட்டும் 10,000 டாலருக்கும் மேல் போனது. அதற்கும் கணக்கு உண்டு. 651 விருந்தினர்களுக்கு 207 பாட்டில் ஷாம்பெயின். அப்படியானால் 3 ஆளுக்கு ஒரு பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவு என்று வகுத்துப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வாங்கணும் என்று முடிவு செய்தார்.

ருசிக்கு ஓர் அகராதி

கடல் கடந்து ஒயின் வாங்குவதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ருசித்துப் பார்த்து வாங்க முடியாது. வார்த்தையை நம்பித்தான் வாங்கணும். ஆனால் ஒரே வார்த்தைக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். 1819இல், 76 வயதில், மார்செய் நகரில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு வழி செய்தார் ஜெஃபர்சன். தான் எந்த ருசியை எப்படி அழைக்கிறேன் என்று பட்டியலே போட்டார்.

முதலாவது இனிப்பு: தென் பிரான்சின் பிரொன்டின்யான், லுனெல் ஒயின்கள் போல. இரண்டாவது புளிப்பு: கிராவ், ரைன் ஒயின்கள் போல. மூன்றாவது, இனிப்பும் புளிப்பும் துளிகூட இல்லாதது: இனிப்பில்லாத மடேரா, போர்ட் போல. நான்காவது பட்டு போன்றது: மூன்றாவது வகையில் நாக்குக்குப் பட்டும் படாமலும் கொஞ்சம் இனிப்பு சேர்ந்தது. இவற்றோடு, மூன்றாவதிலும் நான்காவதிலும் அடிக்கடி வரும் ஒரு குணம், துவர்ப்பு.

நெல்லிக்காயைக் கடித்ததும் நாக்கை ஒரு இழு இழுக்குமே, அதேதான். திராட்சையின் தோல், விதையில் உள்ள டானின் இதற்குக் காரணம். இன்றைய ஒயின் உலகில் மூன்றாவது வகையின் பெயருக்கு இனிப்பில்லாதது என்பது மட்டும்தான் அர்த்தம். ஜெஃபர்சன் கணக்கில் புளிப்பும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ருசிக்கும் பக்கத்தில் ஓர் ஊரை எடுத்துக்காட்டாக அவர் எழுதியதால்தான், 200 ஆண்டுகள் கழித்தும் அவர் எதைச் சொல்கிறார் என்று நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது.

தோட்டம் ஏன் தோற்றது?

1807இல் மாண்டிசெல்லோவில் 24 வகை ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளை நட்டார். அவற்றிலிருந்து ஒயின் கிடைத்ததற்கு ஆதாரமே இல்லை. குளிர், கருப்பு அழுகல் நோய், கூடவே கண்ணுக்கே தெரியாத ஓர் எதிரி: வேரை உறிஞ்சும் பிலாக்ஸெரா என்ற பூச்சி. அமெரிக்கக் காட்டுத் திராட்சை அதைத் தாங்கும். ஐரோப்பியக் கொடி தாங்காது. இது ஜெஃபர்சனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 1860களில் அதே பூச்சி அமெரிக்கக் கொடிகளோடு பிரான்சுக்குப் போய்த் தோட்டங்களை அழித்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியதே தீர்வானது.

ஆனாலும் அவர் பாதி தூரம் வந்துவிட்டார். 1809இல் உள்ளூர் அலெக்சாண்டர் திராட்சையில் செய்த ஒயின் ஒன்றை, பர்கண்டியின் பெருமையான ஷாம்பெர்தானோடு சேர்த்து ருசித்துப் பார்த்தார். உடன் இருந்தவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளிநாட்டுக் கொடிகளின் பின்னால் போய் நேரத்தை வீணாக்காமல் இதை வளர்க்கலாம் என்று எழுதினார்.

கணக்கில் வந்த ஒயின், கணக்குத் தீர்க்க விற்ற மனிதர்கள்

மாண்டிசெல்லோவின் சாப்பாட்டு அறையில், கணப்பு அடுப்பின் பக்கவாட்டில் சின்ன லிஃப்ட் மாதிரி ஓர் அமைப்பு உண்டு. கதவைத் திறந்தால் நிலவறையிலிருந்து ஒயின் பாட்டில் மேலே வரும். விருந்தினர்கள் அசந்துபோவார்கள். கீழே பாட்டிலை எடுத்து வைக்கும் கை மட்டும் யாருக்கும் தெரியாது. அது ஓர் அடிமையின் கை. எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்.

பிரகடனத்தின் 50ஆவது ஆண்டு நிறைவு நாளில், 1826 ஜூலை 4ஆம் தேதி அவர் இறந்தார். அப்போது கடன் 1 லட்சம் டாலருக்கும் மேல். ஒயின் மட்டும் காரணமில்லை. மாமனார் வழியில் வந்த கடன், நண்பருக்குப் போட்ட ஜாமீன், மாளிகைச் செலவு, விளைச்சலுக்கு விலையில்லாதது என எல்லாம் சேர்ந்தது. கடனை அடைக்க 1827 ஜனவரியில் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள்.

அதில் ஒருவர் ஈடித் ஃபாசெட். அதிபர் மாளிகையில் பிரெஞ்சு சமையல் கற்று, மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். அந்த ஒயின்களோடு பரிமாறப்பட்ட விருந்தெல்லாம் அவர் கைப்பக்குவம். கணவர் ஜோசப்புக்கு ஜெஃபர்சனின் உயிலில் விடுதலை கிடைத்தது. ஈடித்தும் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள். மனைவியையும் பிள்ளைகளில் சிலரையும் ஜோசப் பிறகு பாடுபட்டு மீட்டார். 11 வயதில் வேறொருவருக்கு விற்கப்பட்ட மகன் பீட்டர், பல ஆண்டுகள் கழித்து சின்சினாட்டி நகரில் மதபோதகர் ஆனார்.

இன்று மாண்டிசெல்லோவைச் சுற்றியுள்ள பகுதி, அமெரிக்காவில் பேர்பெற்ற ஒயின் வட்டாரம். ஜெஃபர்சனின் பழைய தோட்டத்திலும் ஒட்டுக்கட்டிய ஐரோப்பியக் கொடிகள் காய்க்கின்றன. அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் மெர்சோ விவசாயியின் தட்டில் இருந்த ரொட்டியின் நிறத்தைக்கூட கவனித்து, காரணம் கேட்டு எழுதியவர் அவர். தன் வீட்டு நிலவறையில் நின்றவர்களின் வாழ்க்கைக்கு மட்டும் அதே கேள்வியைக் கடைசிவரை முழுசாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரது ருசிக் குறிப்புகளைப் படிக்கும்போது, அந்த ஏலப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கணும்.