யொனெசாவாவின் உவெசுகி யோசான்

ஜப்பானியச் சிற்றரசர் என்றவுடன் வாளும் கவசமுமே நம் நினைவில் எழுகின்றன. நாம் இங்குக் காணவிருப்பவரோ, தம் வாழ்நாள் முழுவதும் கடனோடு போராடியவர்.

உவெசுகி யோசான் 1751ஆம் ஆண்டு, இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரில், தக்கநபே சிற்றரசரின் இரண்டாம் மைந்தராகப் பிறந்தார். தாய்வழிப் பாட்டியார் உவெசுகி குடியினர். அவ்வுறவால் 1760இல் அக்குடிக்குத் தத்துப் பிள்ளையானார். அக்குடியின் நிலையோ இரங்கத்தக்கது. 12 இலட்சம் கோக்கு விளைச்சலுடைய அதன் நாடு 1601இல் 3 இலட்சமாகவும், 1664இல் 1½ இலட்சமாகவும் குறுகியது. (ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசியே ஒரு கோக்கு.) நாடு சுருங்கியும் பழைய வீரர் குடும்பங்களைக் கைவிட மனமில்லாமையால் கடன் மலையெனக் குவிந்தது. வளர்ப்புத் தந்தையாரோ நாட்டையே மேலரசிடம் ஒப்படைத்துவிட எண்ணினார்.

1767இல் ஆட்சியேற்ற இளைஞர், சிக்கனத்தைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். தமக்குரிய ஆண்டுச் செலவை 1500 ரியோவிலிருந்து 209 ஆகக் குறைத்தார், பணிப்பெண்கள் ஐம்பதின்மரை ஒன்பதின்மராக்கினார், பருத்தியாடை உடுத்தார், ஒரு சாறும் ஒரு கறியுமே உண்டார். 1772இல் தாமே வயலில் இறங்கி மண்வெட்டி பிடித்தார்.

மூத்த அமைச்சர்களுக்கு இது பொறுக்கவில்லை. வேற்றுக் குடியில் பிறந்த சிறுவன் தம் மரபை அழிக்கின்றான் எனக் கருதினர் போலும். 1773இல் எழுவர் குற்றப்பட்டியலோடு வந்து, சீர்திருத்தத்தைக் கைவிடுமாறு அவரை நெருக்கினர். அவர் சினத்தில் முடிவெடுக்கவில்லை. அக்குற்றச்சாட்டுகள் மெய்தானா என ஏனைய அலுவலரை அழைத்து வினவினார், அவர்கள் மறுத்தனர். பின்னரே தண்டனை வந்தது. இருவர் தம் வயிற்றைக் கிழித்து உயிர்விட ஆணையிடப்பட்டனர், ஏனையோர் பதவியிழந்தனர். அருளாளர் எனப் புகழப்படும் இவர் வாழ்வில் இக்கடுமையும் உண்டென்பதை நாம் மறைத்தல் ஆகாது.

அதன்பின் முசுக்கட்டை பயிராயிற்று. வீரர் இல்லத்துப் பெண்டிரும் தறியில் அமர்ந்தனர். யொனெசாவாப் பட்டு பெயர்பெற்றது. 1776இல் ஆசான் ஹொசோய் ஹெய்சூவின் துணையோடு கல்விக்கூடம் எழுந்தது. 1783இன் கொடும்பஞ்சத்தில் வெளியூர் அரிசி வாங்கி மக்களைக் காத்தார். பஞ்சத்தில் உண்ணத்தக்க செடிகளை விளக்கும் நூலொன்றும் 1802இல் மக்களிடையே வழங்கப்பட்டது.

இல்லறமோ வேறு வகையானது. துணைவியார் யோஷிஹிமே குழந்தையுள்ளம் மாறாதவர். அரசப் பணிக்கிடையே அவருக்குத் தாள் பறவைகளும் பொம்மைகளும் செய்து கொடுத்து உடன் விளையாடினார் என்பர். அவ்வம்மையார் 1782இல் மறைந்தார்.

1785இல் ஆட்சியை வளர்ப்புத் தந்தையாரின் மகனுக்கே விட்டுக்கொடுத்தார். நாடு முன்னோரிடமிருந்து பெற்றுப் பின்னோர்க்கு அளிக்கவேண்டிய பொருளேயன்றி ஆள்பவனின் சொந்த உடைமை அன்று என அவருக்கு எழுதித் தந்தார். ஓய்வுக்குப் பின்னும் அறிவுரையால் ஆட்சிக்குத் துணைநின்ற அவர் 1822இல் மறைந்தார். கடன் தீர்ந்தது மறு ஆண்டில்தான்.